ஊதா விளக்கும் காமாலைச் சூடும்

1

மாதம்மாளுக்கு நேற்று இரண்டாவது வருஷத் தெவசம். திதி பார்க்கப் பஞ்சாங்கம் கிடையாது. மச்சான் கோவிந்தன் ஊரிலிருந்து அனுப்பிய பஞ்சாங்கம் எந்தக் கப்பலில் ஏறி எங்கே இறங்கியதோ, வந்து சேரவில்லை. இங்கிலீஷ் தேதியையே வைத்துக்கொண்டேன். உலகச் சண்டை முடிந்து இத்தனை காலம் ஆகியும் இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் ரேஷன் முடியவில்லை. அரிசி கண்ணில் படுவதில்லை. ராகி என்று கேட்டால் கடைக்காரர் அது குதிரைக்கா மாட்டுக்கா என்று கேட்கிறார். உருளைக்கிழங்கை வேகவைத்து, பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து, அவள் படத்துக்கு முன்னால் படைத்தேன். பென்னாகரம் பக்கத்தில் களியும் கீரைக் கடைசலும் தின்று வளர்ந்தவளுக்குக் கடைசியில் கிடைத்தது பீங்கான் தட்டில் உருளைக்கிழங்கு.

எங்கள் மகள் சரோஜாவுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ரோஸ். சூடம் கிடைக்காததால் நான் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கும்பிட்டபோது பக்கத்தில் வந்து நின்றாள். கை கூப்பவில்லை. "இந்தக் கிழங்கை அப்புறம் நாம் சாப்பிடலாமா, இல்லை கொட்டிவிட வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். சாப்பிடலாம் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பாட்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்தில் விழா.

ஊரிலிருந்து வருகிற கடுதாசிகளில் எல்லாம் ஒரே கேள்விதான். பெண்டாட்டியும் போய்விட்டாள், இன்னும் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்கள். மேல்படிப்புக்கு வந்தவன் சண்டையில் மாட்டிக்கொண்டான், சரி. சண்டைதான் முடிந்துவிட்டதே என்கிறீர்கள். பதில் சொல்கிறேன். மாதம்மாள் சாவுக்கு இவர்கள் எழுதிவைத்திருக்கிற காரணம் பொய். சின்ன வயதில் இந்தியாவில் வந்த காமாலையின் மிச்சம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை அடிக்கவைக்காமல் நான் இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன். பொறுமையாகப் படியுங்கள். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

நான் வேலை பார்க்கிற நிலையத்துக்கு ரத்தம் வரும். ஊர் ஜனங்கள் தாங்களாகவே வந்து கொடுக்கிற ரத்தம். அதைப் பாட்டிலில் வைத்திருந்தால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாகத் தெளிகிற நீரைப் பிளாஸ்மா என்கிறார்கள். அதைக் காயவைத்துப் பொடியாக்கிவிட்டால் வெகுகாலம் கெடாது. வேண்டும்போது சுத்தமான தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிவிடலாம். குண்டடி பட்டவன், தீயில் வெந்தவன், பிள்ளைப்பேற்றில் ரத்தம் கொட்டியவள் என்று எத்தனையோ பேரை அது பிழைக்கவைத்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. சண்டை நடந்த வருஷங்களில் இந்த வேலையில் இருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன்தான் நானும்.

ஆனால் ஒவ்வொருவர் பிளாஸ்மாவையும் தனித்தனியாகக் காயவைக்க மாட்டார்கள். பலபேருடையதை ஒன்றாகக் கொட்டிக் கலப்பார்கள். நம் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு கூழ் கொண்டுவந்து ஒரே கொப்பரையில் ஊற்றுவோமே, அந்த மாதிரி. ஒரு வீட்டுக் கூழ் கெட்டிருந்தால் கொப்பரை முழுவதும் போச்சு. இங்கேயும் அதுதான் நடந்தது. பிளாஸ்மா ஏற்றிக்கொண்டு பிழைத்து வீட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து மஞ்சள் காமாலை கண்டது. சிலர் செத்தார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் யாரோ ஒருவர் உடம்பில் காமாலை வைரஸ் இருந்திருக்கிறது. அவரைப் பார்த்தால் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். அவருக்கே அது தெரியாது.

இதற்குப் பரிகாரமாகத்தான் விளக்கு வந்தது. பாதரச ஆவியில் எரிகிற விளக்கு. அதிலிருந்து வருகிற புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியாது. கூடவே வருகிற ஊதா வெளிச்சம்தான் தெரியும். கலந்து வைத்த பிளாஸ்மாவை மெல்லிய படலமாக அந்த விளக்குக்கு முன்னால் ஓடவிட வேண்டும். ஒளி பட்டு வைரஸ் செத்துவிடும், பிளாஸ்மா பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஒளி குறைந்தால் வைரஸ் சாகாது. கூடினால் பிளாஸ்மாவே கெட்டுவிடும். படலம் தடித்துப்போனாலோ, ரத்தம் கொடுக்கவந்தவர் வெண்ணெயும் பன்றிக்கறியுமாகத் தின்றுவிட்டு வந்து அதனால் பிளாஸ்மா பால் மாதிரி கலங்கியிருந்தாலோ, மேல்பக்கத்தில் மட்டும் ஒளி படும். உள்ளே இருட்டுத்தான். விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் படலம் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் பார்த்தால் கண் எரிந்து இரண்டு நாள் தூங்க முடியாது. அறை முழுவதும் இடி இடித்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்குக்கூட அந்த வாசனை என் கோட்டில் இருக்கிறது.

எங்கள் நிலையத்தின் பெரிய டாக்டருக்கு இந்த விளக்கின்மேல் பிள்ளைப் பாசம். பார்க்கவருகிற பெரிய மனிதர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்துவார். "சூரியனைப் பிடித்துவந்து வேலைக்கு வைத்திருக்கிறோம். இதைக் கடந்து போன பிளாஸ்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம்" என்பார். வருஷத்தில் பாதி நாள் சூரியனையே பார்க்காத ஊரில் அதைச் சொல்லுவார். வந்தவர்கள் கை தட்டுவார்கள். கலங்கல் பிளாஸ்மாவைத் தனியாக ஒதுக்கினால் நல்லது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று நான் ஒன்றிரண்டு தடவை சொன்னேன். "ஆஸ்பத்திரிகள் காத்துக்கொண்டிருக்கின்றன" என்றார். அதோடு சரி. நானும் அதற்குமேல் சந்தேகப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். அவருக்கு இருந்த நம்பிக்கையில் முக்கால்வாசி எனக்கும் இருந்தது.

3

காமாலைக்குக் கையில் சூடு வைப்பது நம் பக்கத்து வைத்தியம். இதைப் படிக்கிற உங்களில் பலபேர் இந்நேரம் முழங்கைக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கும் இருக்கிறது, இடது கையில்.

அப்பா போனபிறகு நான் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தேன். மாமாவின் மகன் கோவிந்தன் என்னைவிடப் பெரியவன். மகள் மாதம்மாள் என்னைவிடச் சின்னவள். ஒரு மாசி மாதம் கோவிந்தனுக்குக் கண் மஞ்சளாயிற்று. சோறு பிடிக்கவில்லை, மூத்திரம் மஞ்சளாகப் போனது. மாமா ஒகேனக்கல் பாதையிலிருந்து சூடு வைக்கிற ஆளைக் கூட்டிவந்தார். இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கோவிந்தன் கையில் ஒரு இழு இழுத்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

அதோடு முடித்திருக்கலாம். மாமா அப்படி முடிக்கிற ஆளில்லை. "வந்தது வந்துட்டீங்க, கம்பியும் காஞ்சிருக்குது. மத்த ரெண்டுக்கும் போட்டு வுட்டுடுங்க" என்றார்.

நான் ஓடப் பார்த்தேன், பிடித்துவிட்டார்கள். மாதம்மாள் ஓடவில்லை. நேராக அப்பன் முன்னால் போய் நின்று, கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"எனக்குத்தான் மஞ்சளே இல்லியேப்பா! பாருங்க, நல்லாப் பாருங்க!"

"இல்லாதப்பவே போட்டாத்தான் கண்ணு காவலு. வந்தப்புறம் போட்டு என்னத்துக்கு ஆவுது?"

சூடு வைக்கிறவர் அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். "ஆமாங்க, பாப்பா கண்ணு வெள்ளையாத்தான் இருக்குது" என்றார். சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார். வலது கையில், முழங்கைக்குக் கீழே. அதே கம்பியை மறுபடி காய்ச்சி எனக்கு.

அன்றைக்கெல்லாம் அவள் அப்பனோடு பேசவில்லை. அடுத்த நாள் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னுதுதான் நீளம்" என்றாள். எனக்கும் காமாலை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கோவிந்தனுக்கு அது தானாகவே இறங்கிப்போயிற்று. மாமா மட்டும் ஊரெல்லாம், தக்க நேரத்தில் சூடு வைத்ததால்தான் மற்ற இரண்டும் தப்பித்தன என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னாளில் அவளையே எனக்குக் கட்டிவைத்தார்கள். தர்மபுரியிலிருந்து சின்ன ரயிலில் மொரப்பூர் வந்து, அங்கே பெரிய ரயில் பிடித்து, சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறினோம். அந்தச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைக்கூடச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாமே. கேட்டபோது இருவருக்கும் மனசு கஷ்டப்பட்டது. இந்த ஊர்ப் பெண்கள் அவள் கைத் தழும்பைக் கண்டு முகத்தைச் சுளித்தால் மாதம்மாள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "நம்ம ரெண்டு பேருக்கும் அன்னிக்கே முடிச்சுப் போட்டுட்டாங்க மாமா. தாலி பின்னாடி கட்டனதுதானே" என்பாள்.

4

சண்டை முடிந்த பிறகு அவள் இரண்டாவது தடவை உண்டானாள். இந்தத் தடவை பையன் என்றாள். எப்படித் தெரியும் என்றால், புளிப்புக் கேட்கிறதாம். புளிப்புக்கு இங்கே வினிகர்தான். அதை விரலில் தொட்டு நக்கிக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு சிரிப்பாள்.

பையன்தான். உயிரில்லாமல் பிறந்தான். பிறகு ரத்தம் நிற்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்த டாக்டர் என் தழும்பைப் பார்த்து என்ன இது என்றார். காமாலைக்கு வைக்கிற சூடு என்றேன். காமாலை வந்தவர் ரத்தம் வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டார். வரவில்லை, வராமலே வைத்தார்கள் என்று சொன்னேன். அவருக்கு அதைக் கேட்க நேரமில்லை. அதிலும் தப்புச் சொல்ல முடியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போது தர்மபுரி தாலுகாக் கதையை யார் கேட்பார்கள்?

பிளாஸ்மா கொண்டுவந்தார்கள். பாட்டிலைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் நிலையத்துப் பாட்டில். விளக்கில் காட்டியது என்று கழுத்தில் அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏற ஏற அவள் முகத்தில் உயிர் வந்தது. கண்ணைத் திறந்து மேலே தொங்குகிற பாட்டிலைப் பார்த்தாள்.

"என்ன மாமா அது, மஞ்சத் தண்ணி மாதிரி?"

"பிளாஸ்மா. எங்க இடத்துலருந்து வந்தது. எங்க விளக்குல காட்டனது."

"நீங்க ஏத்தற விளக்குலயா?"

"ஆமா."

"அப்ப சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பாட்டில் அன்றைக்கு அவளைப் பிழைக்கவைத்தது உண்மை. பத்து நாளில் வீட்டுக்கு வந்தாள். சரோஜாவுக்குத் தலை வாரினாள். பையனை நினைத்து அழுதாள், பிறகு எழுந்து சமைத்தாள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த நாளில் மூன்று பேரும் பூங்காவுக்குப் போய் ரொட்டி தின்றோம். கெட்டது எல்லாம் கழிந்துவிட்டது என்று நம்பினேன்.

5

மூன்றாவது மாதம் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. ஒரு காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சின்ன வயதில் செய்த மாதிரியே கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, வந்துட்டுது."

நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பிதற்றினேன். இரண்டே வாரத்தில் நினைவு தப்பியது. கடைசி நாட்களில் இங்கிலீஷ் நர்சுகளிடம் எல்லாம் தமிழில், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அவர்களும் பாவம், தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் கிளாஸ் கிளாசாகக் கொண்டுவந்தார்கள்.

அவள் போன மறு வாரம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வருத்தம் தெரிவித்தார். நல்ல வார்த்தைகள்தான். பிறகு ஆஸ்பத்திரிக் குறிப்பை வாசித்தார். நோயாளியின் வலது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. நோயாளியின் நாட்டில் காமாலைக்கு இவ்வாறு சிகிச்சை செய்வது வழக்கம் எனக் கணவரே தெரிவித்தார். ஆகவே இளமையில் வந்த காமாலையால் ஈரல் முன்பே பழுதுபட்டிருந்தது.

"பிளாஸ்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது நிம்மதி. உங்களுக்கும் அது நிம்மதியாக இருக்கும்" என்றார்.

"அவளுக்குக் காமாலை வந்ததே இல்லை, சார். வந்தது அவள் அண்ணனுக்கு. அவளுக்குச் சும்மா வைத்தார்கள். எனக்கும் சும்மாதான் வைத்தார்கள்."

"நோயில்லாத குழந்தையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஏன் சுடுவார்கள்?"

"வராமல் இருப்பதற்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். துக்கத்தில் மூளை குழம்பிப்போயிருக்கிறது என்று இரக்கப்பட்டார். தோளில் தட்டி ஒரு வாரம் லீவு கொடுத்தார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. மாமாமேல் அதைவிட அதிகம் வந்தது. செத்துப்போன மனிதரை வைகிறேன் என்று நினைக்காதீர்கள். கம்பி காய்ந்திருக்கிறது, வீணாகப் போக வேண்டாம் என்று அவர் அன்றைக்குப் போட்ட கோடு, கடல் தாண்டி வந்து அவர் மகள் சாவையே மூடிமறைத்துவிட்டது. நோய் வந்தவன் அங்கே ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். சின்ன வயதில் வராதவள் செத்துப்போய், வந்ததாக எழுதப்பட்டுவிட்டாள்.

சரி, ஊரிலிருந்தே அத்தாட்சி வாங்கிக் காட்டலாம் என்று கோவிந்தனுக்கு எழுதினேன். அவன் நமது கிராம முன்சீப்பிடம் போனான். அங்கே நடந்ததை அப்படியே எழுதியிருந்தான். "நோவு வந்துதுன்னா வந்துதுன்னு எழுதிக் குடுப்பேன். வராததுக்கு நான் என்னத்தைப் பாத்து எழுதறது?" என்றாராம் முன்சீப். நியாயமான கேள்விதான். தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். தாலுகா ஆபீசில் கிராமத்துக்குப் போகச் சொன்னார்கள். கோவிந்தன் விடவில்லை. நாலு பெரியவர்களைக் கூட்டிவந்து, சூடு வைத்த அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் கண் வெள்ளையாகத்தான் இருந்தது என்று சொல்லவைத்து, கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு காகிதத்தைச் சம்பாதித்துவிட்டான். அதற்கே ஒரு வருஷம் ஆயிற்று.

அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழில் இருக்கிறது என்றார்கள். மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். இறந்தவரின் உறவினர் மொழிபெயர்ப்பு செல்லாது என்றார்கள். இந்த ஊரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த இன்னொருத்தி செத்துப்போனாள். லண்டனுக்கு அனுப்பி மொழிபெயர்த்து வாங்கினேன். போன மாதம் பதில் வந்தது. கிராமத்துப் பெற்றோர் கவனிக்காமலே குழந்தைக்கு லேசாகக் காமாலை வந்து போயிருக்க வாய்ப்புண்டு என்பதால், குறிப்பை மாற்ற வேண்டிய அவசியமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

இதில் எனக்கு என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். அவள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அந்த வரி இருக்கிறவரைக்கும் விளக்கின்மேல் பழி இல்லை. பழி இல்லாதவரைக்கும் படலம் அதே வேகத்தில் ஓடும், கலங்கலும் தெளிவும் ஒன்றாகவே போகும். வேறு இடங்களிலும் விளக்கில் காட்டிய பிளாஸ்மாவை ஏற்றியபிறகு காமாலை கண்டதாக இப்போது முணுமுணுக்கிறார்கள். எங்கள் இடத்தில் முணுமுணுப்புக்கூடக் கிடையாது. எங்களிடம் சுத்தமான குறிப்பு இருக்கிறது. காலையில் போய் அந்த விளக்கை ஏற்றுவது இன்றைக்கும் நான்தான். ஏற்றாவிட்டால் வேறு ஒருவன் ஏற்றுவான். உள்ளே இருந்தாலாவது கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று போகிறேன். கறுப்புக் கண்ணாடிக்குள் நான் அழுதால் யாருக்கும் தெரியாது. அது ஒன்றுதான் இந்த வேலையில் வசதி.

6

நேற்றைய கதைக்கு வருகிறேன்.

படையல் முடிந்து, கிழங்கைத் தின்று, தட்டுக் கழுவச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். சரோஜா விழாவுக்கு உடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் நாடா. அவள் அம்மா பார்த்திருந்தால் சுற்றிப் போட்டிருப்பாள். நான் அழகாக இருக்கிறாய் என்று தமிழில் சொன்னேன். அவள் நன்றி என்று இங்கிலீஷில் சொன்னாள். தமிழ் அவளுக்குக் கேட்டால் கொஞ்சம் புரியும், வாயில் வராது. அவள் அம்மாவோடு அது போய்விட்டது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதை மூடுங்கள்."

கை ஈரமாக இருக்கிறது என்றேன். அவளே துண்டை எடுத்து என் கையைத் துடைத்தாள். சுருட்டியிருந்த சட்டைக் கையை இழுத்துவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு கோட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. சரி, இவளும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள், கறுத்த அப்பனும் அவன் தழும்பும் சிநேகிதிகள் முன்னால் வெட்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். மனசில் இருந்த கசப்பெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஏன்? உன் டீச்சர் பார்த்தால் கேவலமா? உன் அம்மா கையிலும்தான் இருந்தது. அவள் மூடிக்கொண்டா திரிந்தாள்?"

அவள் அழவில்லை.

"பள்ளிக்கூட நர்ஸ் விழாவுக்கு வருவாள். நம் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டபோது, அம்மாவுக்கு இந்தியாவிலேயே ஈரல் கெட்டுப்போய்விட்டது, அதற்கு அடையாளம் கையில் இருந்தது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் அப்படித்தானே சொன்னார்கள்? அப்பாவுக்கும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்."

"ஏன் இல்லை என்று சொன்னாய்?"

"பார்த்தால் உங்களையும் அங்கே கொண்டுபோய்விடுவார்கள். அம்மாவைக் கொண்டுபோன இடத்துக்கு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பக்கத்தில் இழுத்து, இது நோய் இல்லை கண்ணு, இது சும்மா வைத்தது, அம்மாவுக்கும் சும்மாதான் வைத்தது, உன் மாமனுக்குத்தான் காமாலை வந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். கம்பி, எருமை, இமையை இழுத்துக் காட்டியது எல்லாம் சொன்னேன். எத்தனை ஆபீசுக்குச் சொன்ன கதை! பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் தன் சின்னக் கையால் என் தோளைத் தட்டினாள். பெரிய டாக்டர் தட்டின மாதிரியே தட்டினாள்.

"நோயில்லாதவர்களைச் சுட மாட்டார்கள் அப்பா" என்றாள். "பரவாயில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்."

கோட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு போனேன். பெற்றோருக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். நர்ஸ் இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்று பாடினார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தங்கள் அப்பா அம்மா முகத்தைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்கள். சரோஜா வாயைத் திறந்து சரியாகத்தான் பாடினாள். பாட்டு முடிகிறவரைக்கும் அவள் கண் என் இடது கைப் பொத்தானைவிட்டு நகரவில்லை.